படுக்கையறையில் ஹிப்னாசிஸ்: பிரேக்கில் இருக்கும் காலை எடுப்பது எப்படி?

கல்லூரி ஆண்டு விழாவுக்கு ஒரு மேஜிக்காரர் வந்திருந்தார். எங்கள் வகுப்புப் பையன் ஒருவனை மேடையில் உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, காதருகில் ஏதோ முணுமுணுத்துவிட்டு, கையில் ஒரு பெரிய வெங்காயத்தைக் கொடுத்து 'இது ஆப்பிள்' என்றார். அவனும் நறுக்கென்று கடித்து, கண்ணில் தண்ணீர் வழிய வழிய ரசித்துத் தின்றான். அரங்கமே கைதட்டியது. அதற்கப்புறம் இருபது வருஷம் ஹிப்னாடிசம் என்றாலே எனக்கு அந்த வெங்காயம்தான் ஞாபகம் வரும். அதனால்தான், கல்யாணமாகி ஒன்பதாவது வருஷத்தில், படுக்கையறைப் பிரச்சினைக்காக நாங்கள் போய்ப் பார்த்த ஒரு பெண் உளவியலாளர் எங்கள் இருவரையும் எதிரே உட்காரவைத்து 'ரிலாக்சேஷன் பயிற்சியோடு கொஞ்சம் ஹிப்னாசிஸும் சேர்த்துப் பார்க்கலாமா?' என்று கேட்டபோது, எனக்குச் சிரிப்பும் பயமும் ஒன்றாக வந்தன. என் மனைவி நேராகவே கேட்டுவிட்டாள்: "இவர என்ன வேணா செய்ய வைக்கலாமா மேடம்? அப்படின்னா பாத்திரம் கழுவச் சொல்லிடுங்க."

(அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. தெரிந்துகொண்டதை, முன்னாடியே யாராவது சொல்லியிருக்கலாமே என்று நினைத்ததை எழுதுகிறேன், அவ்வளவுதான்.)

முதலில் அந்த வெங்காயத்தை முடித்துவிடுவோம். மேடை ஹிப்னாடிசத்தில் பாதி வேலை ஆளைப் பொறுக்குவதிலேயே முடிந்துவிடுகிறது. 'எல்லாரும் விரல்களைக் கோர்த்துக்கொள்ளுங்கள், இறுகுகிறது, ஒட்டிக்கொண்டது, இனிப் பிரிக்க முடியாது' என்று ஒரு விளையாட்டு வைப்பார்கள் பாருங்கள், அதில் நிஜமாகவே பிரிக்க முடியாமல் தவிப்பவர்களைத்தான் மேடைக்குக் கூப்பிடுவார்கள். அவர்களில் கூச்சமில்லாதவன், கூட்டத்தின் முன்னால் ஒத்துழைக்கத் தயாராக இருப்பவன் கடைசியில் மிஞ்சுவான். அவனுக்கு வெங்காயம். ஆட்களுக்கு ஆள் இதில் வித்தியாசம் உண்டு என்பது உண்மையும்கூட: ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வைட்சன்ஹாஃபரும் ஹில்கார்டும் 1959இல் இதை அளக்க ஒரு அளவுகோலே செய்தார்கள். சுமார் 10 முதல் 15 சதவீதம் பேர் சட்டென்று ஆழமாகப் போகிறவர்கள், ஏறக்குறைய அதே அளவு பேருக்கு ஒன்றுமே ஆகாது, மற்ற நாமெல்லாம் நடுவில். நான் நடுவில்கூட இல்லை, கொஞ்சம் கீழேதான். ஆனாலும் நான் இங்கே சொல்லப்போவதற்கு அது போதும்.

ஹிப்னாசிஸ் தூக்கம் கிடையாது. கிரேக்கத்தில் 'ஹிப்னோஸ்' என்றால் தூக்கம், அதை வைத்து இந்தப் பெயரைப் பரப்பியவர் மான்செஸ்டரில் இருந்த ஜேம்ஸ் பிரெய்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர், அறுவை மருத்துவர், 1840களில். இது தூக்கமில்லை, ஒரே எண்ணத்தில் மனம் குவிவது என்று அவருக்கே பிற்பாடு புரிந்து பெயரை மாற்றப் பார்த்தார், நடக்கவில்லை. எனக்கு அவரைவிடப் பிடித்த ஆள் கோவாவில் காண்டோலிமில் 1756இல் பிறந்த அப்பே ஃபாரியா என்ற பாதிரியார். வியன்னாவிலும் பாரிஸிலும் மெஸ்மர் என்ற டாக்டர் தன் உடம்பிலிருந்து ஏதோ காந்தத் திரவம் பாய்வதாகச் சொல்லிப் பணக்காரர்களுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த கதை முடிந்து, பல வருஷம் கழித்து, 1813 வாக்கில் இந்த ஃபாரியா பாரிஸில் மேடை ஏறி, திரவமும் இல்லை காந்தமும் இல்லை, நடப்பதெல்லாம் உட்கார்ந்திருப்பவரின் மனதுக்குள்தான், நான் வழிகாட்டுவதோடு சரி என்றார். அந்த நிலைக்கு அவர் வைத்த பெயர் 'தெளிந்த உறக்கம்' என்ற பொருள் தருவது. நம்மிடம் அதற்கு ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: அறிதுயில். பெருமாள் பாற்கடலில் படுத்திருக்கும் கோலம். பார்த்தால் தூங்குவதுபோல் இருக்கும், உள்ளே எல்லாம் தெரிந்துகொண்டிருக்கும். இதைவிடப் பொருத்தமான பெயர் எந்த மொழியிலாவது இருக்குமா என்பது சந்தேகம். பனாஜியில் ஃபாரியாவுக்கு ஒரு சிலை இருக்கிறது, கோவாவுக்குப் போனால் பீச்சோடு திரும்பாமல் அதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஏதோ யோசனையில் இறங்கவேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போயிருக்கிறீர்களா? கண் திறந்திருந்தது, கண்டக்டர் கத்தியதும் காதில் விழுந்தது, ஆனால் ஒட்டவில்லை. ஹிப்னாசிஸ் அதன் ஒன்றுவிட்ட தம்பி. கவனம் ஒரு இடத்தில் குவிகிறது, சுற்றியுள்ளவை மங்குகின்றன, அந்த நேரத்தில் சொல்லப்படும் வார்த்தை வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஆழமாக இறங்குகிறது. ஸ்டான்ஃபோர்டில் டேவிட் ஸ்பீகலின் குழு 2016இல் மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது, இதில் எளிதாக ஆழ்ந்து போகிறவர்களுக்கு 'எதைக் கவனிக்க வேண்டும், எதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்' என்று சதா மோப்பம் பிடிக்கும் ஒரு பகுதியின் செயல்பாடு குறைந்திருந்தது. இந்த மோப்பக்காரனை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், படுக்கையறை விஷயத்தில் வில்லன் அவன்தான்.

இப்போது உடம்புக்கு வருவோம். நம் கட்டளைக்குக் கட்டுப்படாமல் தானாக ஓடும் நரம்பு மண்டலத்தில் இரண்டு பிரிவு. ஒன்று சிம்பதெடிக், பதற்ற நேரத்துக்கு: நாய் துரத்தும்போது இதயம் படபடக்க, ரத்தம் கை கால் தசைக்குப் பாய, மற்றதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைப்பது. இன்னொன்று பாராசிம்பதெடிக், ஓய்வு நேரத்துக்கு: சாப்பாடு செரிப்பது, மூச்சு சீராவது எல்லாம் இதன் பொறுப்பு. ஆணுக்கு விறைப்பும் பெண்ணுக்கு ரத்த ஓட்டமும் ஈரமும் பெரும்பாலும் இந்த இரண்டாவது கட்சியின் ஆட்சியில்தான் நடக்கின்றன. விந்து வெளியேறுவது மட்டும் முதல் கட்சியின் வேலை. இதை முதன்முறை கேட்டபோது எனக்குப் பாதி வாழ்க்கை விளங்கிவிட்டது. பதற்றத்தோடு போகிறவனுக்கு ரெட்டை அடி: வரவேண்டியது வராது, வந்தாலும் முடியவேண்டிய நேரத்துக்கு முன்னாலேயே முடிந்துவிடும். பெண் பக்கம் பதற்றம் வேறு மாதிரி வேலை செய்கிறது: இடுப்பின் அடித்தளத் தசைகள் தானாக இறுகிக்கொள்கின்றன. அது முற்றினால் வஜைனிஸ்மஸ். கண்ணருகே விரலைக் கொண்டுபோனால் இமை மூடிக்கொள்வதுபோல, அவள் வேண்டாம் என்று நினைக்காவிட்டாலும் தசை மூடிக்கொள்ளும். இது தெரியாமல் எத்தனை வீட்டில் 'அவளுக்கு என் மேல் இஷ்டமில்லை' என்று முடிவுகட்டி, அவள் அம்மா வீட்டுக்குப் பஞ்சாயத்து போயிருக்கும்!

டாக்டர்கள் கேட்கும் ஒரு பழைய கேள்வி உண்டு: "காலையில எழுந்திரிக்கும்போது எப்படி இருக்கு?" ஆண்களுக்குத் தூக்கத்தில் கனவு வரும் கட்டங்களில் விறைப்பு தானாக வந்துபோகும், அதன் மிச்சம்தான் விடியற்காலையில் தெரிவது. அது சரியாக இருந்து, மனைவியோடு இருக்கும்போது மட்டும் கைவிட்டால், பெரும்பாலும் குழாயில் கோளாறு இல்லை, காவலாளிதான் உள்ளே விடமாட்டேன் என்கிறான் என்று பொருள். தூக்கத்தில் அந்தக் காவலாளி இல்லை, அதனால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. காலையிலும் இல்லை, எப்போதுமே இல்லை என்றால் அது வேறு கதை, நேராக டாக்டரிடம் போக வேண்டும். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் வில்லியம் மாஸ்டர்ஸ், வர்ஜீனியா ஜான்சன் என்ற இருவர் 1950களின் பிற்பாதியிலிருந்து தம்பதிகளை ஆராய்ந்து, 1970இல் சிகிச்சை முறை ஒன்றை விரிவாக வெளியிட்டார்கள். அவர்கள் கண்டுபிடித்ததில் எனக்கு முக்கியமாகப் படுவது இது: கஷ்டப்படுகிறவர்கள் படுக்கையில் இருவராக இருப்பதில்லை, மூவராக இருக்கிறார்கள். மூன்றாவது ஆள், கட்டில் ஓரமாக நின்று தன்னைத்தானே வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும் நான். 'வருதா? நிக்குதா? போன வாரம் மாதிரி ஆகிடுமோ? அவ மூஞ்சி ஏன் அப்படி இருக்கு? தொப்பை தெரியுதோ?' என்று ஓயாமல் கிரிக்கெட் வர்ணனை. வர்ணனையாளர் இருக்கும் மைதானத்தில் பாராசிம்பதெடிக் விளையாட வராது. தூங்கியே தீரவேண்டும் என்று படுத்தால் தூக்கம் வருமா? அதே கணக்குதான் இதற்கும்.

அமெரிக்காவில் பாலுறவு பற்றி ஆராயும் கின்சி ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் பேங்க்ராஃப்ட், எரிக் யான்சன் இருவரும் 1990களில் இதை இன்னும் எளிமையாக வண்டிப் பாஷையில் புரியும்படி செய்தார்கள். எல்லோருக்குள்ளும் ஒரு ஆக்ஸிலரேட்டரும் ஒரு பிரேக்கும் தனித்தனியாக இருக்கின்றன. நம் ஊரில் பிரச்சினை என்று வந்தால் எல்லோரும் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கத்தான் சொல்வார்கள்: முருங்கைக்காய், பாதாம் பால், லேகியம், மாத்திரை, 'வீடியோ பாரு மச்சான்'. இன்னொரு கால் பிரேக்கில் இருந்தால் எவ்வளவு மிதித்தாலும் வண்டி உறுமும், நகராது. ரிலாக்சேஷனும் ஹிப்னாசிஸும் பிரேக்கில் இருக்கும் காலை எடுக்கும் வேலை மட்டும்தான் செய்கின்றன. ஆசையைப் புதிதாக உற்பத்தி பண்ணாது. மனைவி மேல் கோபம் இருந்தால் கோபம் போகாது. பெண்களை வசியம் செய்யும் ஹிப்னாசிஸ் என்று வீடியோ போடுகிறார்களே, அது சுத்தப் பொய், அதைத் தேடிப் போகும் மனசும் சரியில்லை. சம்மதமில்லாதவரிடம் இதில் எதையும் செய்யக்கூடாது, விளையாட்டுக்குக்கூட.

பிரேக் எப்படி விழுகிறது என்று பார்க்க நம் முதலிரவைவிட நல்ல உதாரணம் வேண்டாம். விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்பி முகூர்த்தத்துக்கு உட்காரவைத்து, ஓமப் புகையில் கண் எரிந்து, முந்தின நாள் ரிசப்ஷனில் நாலு மணி நேரம் நின்ற கால் இன்னும் வலிக்க, தலையில் ஏறிய கொண்டை ஊசிகள் முப்பதையும் எடுக்க ஆளில்லாமல், ஒரு டம்ளர் பாலைக் கொடுத்து உள்ளே அனுப்பிவிட்டு, வெளியே சொந்தக்காரர்கள் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் சரியாகத் தெரியாதவர்கள், மறுநாள் காலை எல்லோர் பார்வையும் முகத்தில் விழும் என்பதும் தெரியும். சிம்பதெடிக் நரம்புக்கு இதைவிட வேறென்ன திருவிழா வேண்டும்? அன்று ஒன்றும் நடக்காமல் போனால் அதுதான் இயல்பு. ஆனால் 'என்னவோ குறை' என்ற நினைப்பு அன்று விதைபோல் விழுந்து, மூன்றாம் மாதம் 'விசேஷம் ஏதும் இல்லையா?' என்ற கேள்வியில் தண்ணீர் ஊற்றப்பட்டு வளர்ந்துவிடுகிறது.

எங்கள் கதை அப்படியில்லை, எங்களுக்குப் பிரச்சினை வந்தது வேலை போன பிறகு. ஆறு மாதம் சும்மா இருந்தேன், அப்புறம் நைட் ஷிஃப்ட் வேலை கிடைத்தது. உடம்பு ஒத்துழைக்கவில்லை. ஒருமுறை, இரண்டுமுறை, அப்புறம் தானாகவே விலகிப் படுக்க ஆரம்பித்தேன். மாதம் ஒருமுறை லாட்ஜில் முகாம் போடும் ஒரு வைத்தியரிடம் ரகசியமாகப் போய் ஏழாயிரம் ரூபாய்க்கு லேகியம் வாங்கிச் சாப்பிட்டேன், வயிறு மட்டும் நன்றாக வேலை செய்தது. ஆண்மைக் குறைவைத் தீர்க்கிறேன், தாம்பத்திய சுகத்தைக் கூட்டுகிறேன் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதையே 1954ஆம் வருஷத்து மத்திய அரசுச் சட்டம் ஒன்று தடை செய்கிறது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். சுவரெல்லாம் போஸ்டர் பார்த்து வளர்ந்தவனுக்கு எப்படித் தெரியும்?

சரி, உளவியலாளரின் அறையில் என்ன நடந்தது? பெண்டுலம் இல்லை, 'என் கண்ணைப் பார்' இல்லை. சாய்வு நாற்காலி, மின்விசிறி சத்தம், மனைவி பக்கத்தில். உளவியலாளர் முதலில் தசையில் ஆரம்பித்தார். வலது கையை முஷ்டியாக மடக்கி ஐந்து வினாடி இறுக்கு, பிறகு ஒரே நேரத்தில் விடு, விட்ட பிறகு கையில் என்ன மாறுகிறது என்று பத்து பதினைந்து வினாடி கவனி. அப்புறம் முழங்கை, தோள், நெற்றி, தாடை, வயிறு, தொடை, பாதம். இது சிகாகோவில் எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற டாக்டர் உருவாக்கி 1929இல் விரிவாக எழுதிய முறை. இறுக்கிப் பார்த்தால்தான் தளர்வு என்றால் என்னவென்றே தசைக்குத் தெரியும் என்பது இதிலுள்ள சூட்சுமம். அவர் மாதக்கணக்கில் சொல்லிக்கொடுத்தார், பின்னால் வந்தவர்கள் இருபது நிமிடத்துக்குச் சுருக்கிவிட்டார்கள். தாடையைத் தளர்த்தச் சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது, வருஷக்கணக்கில் பல்லைக் கடித்துக்கொண்டே வாழ்ந்திருக்கிறேன் என்று.

அப்புறம் மூச்சு. நாலு எண்ணும்வரை இழு, ஆறு எண்ணும்வரை விடு. இழுக்கும்போது இதயத் துடிப்பு லேசாக வேகமெடுக்கும், விடும்போது தணியும். அதனால் விடுவதை நீட்டினால் உடம்பு தானாக இரண்டாவது கட்சிக்கு மாறும். பிறகுதான் ஹிப்னாசிஸ் என்று சொல்லும்படியான பகுதி: பத்திலிருந்து ஒன்றுவரை இறங்கும் படிக்கட்டு, ஒவ்வொரு படியிலும் 'கை கனக்கிறது, கனத்து நாற்காலியில் அமிழ்கிறது, உள்ளங்கை வெதுவெதுப்பாகிறது.' கனம், வெதுவெதுப்பு என்ற இந்த இரண்டையும் வைத்தே ஜெர்மனியில் ஷுல்ட்ஸ் என்பவர் 1932இல் தானே தனக்குச் செய்துகொள்ளும் பயிற்சி ஒன்றை வகுத்தார், இன்றும் சொல்லிக்கொடுக்கிறார்கள். நம் ஊர் யோக நித்திரை வகுப்பில் சவாசனத்தில் படுத்துப் பழகியவர்களுக்கு இதெல்லாம் தெரிந்த பாதைதான்.

அந்த நிலையில் இருக்கும்போது அவர் சொன்னது மூன்று நான்கு வாக்கியம்தான். "அவங்க கை உங்க தோள்ல இருக்கு. அந்தக் கையோட சூடு மட்டும் தெரியுது. இப்ப எதுவும் நடக்கணும்னு அவசியமில்ல." இவ்வளவே. இதில் 'பயப்படாதீங்க' என்ற வார்த்தை வரவில்லை என்று கவனித்தீர்களா? பயப்படாதே என்றதும் பயம்தான் மனதில் வந்து உட்காரும். வேண்டாததைச் சொல்லி விரட்டாமல், வேண்டியதைச் சொல்லிக் கூப்பிடுவது. குழந்தையைத் தூங்கவைக்கும் அம்மா 'அழாதே அழாதே' என்று மிரட்டுவதைவிட, ஒரே ராகத்தில் தாலாட்டு இழுக்கும்போதுதானே குழந்தை தூங்குகிறது?

வீட்டில் செய்ய எங்களுக்கு ஒரு ஒலிப்பதிவு வேண்டியிருந்தது. முதலில் இணையத்தில் ஆங்கிலத்தில் ஒன்றை இறக்கினேன். ஒரு வெள்ளைக்காரர் கரகரத்த குரலில் ஏதோ கடற்கரைக்குப் போகச் சொன்னார், நாங்கள் இருவரும் மெரினாவில் சுண்டல் விற்பவனை நினைத்துச் சிரித்துவிட்டோம். உளவியலாளர் சொன்னார், நீங்களே பதிவு செய்யுங்கள், உங்கள் பேச்சிலேயே. அவள் குரலில் எனக்கு ஒன்று, என் குரலில் அவளுக்கு ஒன்று, தலா பன்னிரண்டு நிமிடம். அவள் பதிவில் பின்னால் குக்கர் விசில் இரண்டு கேட்கும். இப்போது அந்த விசில் வந்தாலே என் தோள் இறங்கிவிடுகிறது, அதுவும் ஒருவகைப் பழக்கம்தான் போல. கேட்கும் இடம் முக்கியம்: வண்டி ஓட்டும்போது கூடவே கூடாது, அடுப்பில் பால் இருக்கும்போதும் வேண்டாம்.

இரண்டாவது வீட்டுப்பாடம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது: இரண்டு வாரத்துக்கு உறவு கிடையாது. தடை. மாஸ்டர்ஸும் ஜான்சனும் கொண்டுவந்த சென்சேட் ஃபோகஸ் என்ற பயிற்சியின் முதல் விதி இதுதான். தடை இருந்தால் தேர்வு இல்லை, தேர்வு இல்லையென்றால் தோல்வி இல்லை, வர்ணனையாளருக்கு வேலை போய்விடுகிறது. அதற்குப் பதில் வாரம் மூன்று நாள், இருபது நிமிடம், மாற்றி மாற்றித் தொடுவது மட்டும். மார்பும் பிறப்புறுப்பும் ஆரம்பத்தில் விலக்கு. தொடுகிறவர் எதிராளிக்குப் பிடிக்கிறதா என்று கவலைப்படாமல் தன் விரலுக்குத் தெரிவதைக் கவனிக்க வேண்டும்: எங்கே சூடு, எங்கே சொரசொரப்பு. தொடப்படுகிறவர் பிடிக்காததை மட்டும் சொன்னால் போதும். அப்புறம் பல வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எல்லை விரியும்.

புத்தகப்படி சொன்னால் செயற்கையாக இருக்கிறது இல்லையா? எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது, ஒருவரையொருவர் பார்த்தாலே சிரிப்பு. கடைசியில் தேங்காய் எண்ணெய் காப்பாற்றியது. அவள் தரையில் உட்கார, நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கிண்ணத்தில் வெதுவெதுப்பாகச் சூடேற்றிய எண்ணெயை விரல் நுனியில் தொட்டு, உச்சியிலிருந்து ஆரம்பித்து, காதுக்குப் பின்னால், பிடரிக்குழி, தோள்பட்டை. ஒன்பது வருஷமாகப் பார்க்கும் தலையில், இடது காதுக்கு மேலே முடிக்குள் ஒரு சின்னத் தழும்பு இருப்பது அன்றுதான் தெரிந்தது. சின்ன வயசில் மாட்டுக்கொட்டகைக் கதவில் இடித்ததாம். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்து வளர்ந்த நமக்கு இந்தப் பயிற்சியை அமெரிக்காவிலிருந்து இறக்குமதி செய்யவேண்டிய அவசியமே இல்லை என்று தோன்றியது. (ஒரு எச்சரிக்கை: ஆணுறை பயன்படுத்துகிறவர்கள் எண்ணெயை அங்கே கொண்டுபோகக் கூடாது. எண்ணெய் பட்டால் லேடெக்ஸ் ஆணுறை கிழிந்துவிடும்.)

மூன்றாவது, எனக்கு ரொம்பப் பிடித்தது. இருவரும் தனித்தனித் தாளில் அவரவர் பிரேக்குகளை எழுதி மாற்றிக்கொள்ளச் சொன்னார். நான் எழுதியது வேலை, பணம், வயிறு. அவள் எழுதியது: தாழ்ப்பாள் சரியாக விழாது. அத்தை ஹாலில் சீரியல் பார்த்துக்கொண்டிருப்பார். நாளைக்கு மாவு இல்லை. குழந்தை புரண்டு படுக்கும். கட்டில் கிறீச்சென்று கத்தும். படித்துவிட்டு எனக்கு வெட்கமாகிவிட்டது, நான் வருஷக்கணக்கில் என்னைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன். கட்டில் சத்தம் ஒரு ஸ்பேனரில் தீர்ந்தது, இரண்டு போல்ட். தாழ்ப்பாளுக்கு நாற்பது ரூபாய். ஹிப்னாசிஸ் என்ன செய்ததோ தெரியாது, இந்த இரண்டும் நிச்சயமாக வேலை செய்தன. மாவு அரைப்பது என் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்று அவள் பாத்திரம் கழுவச் சொல்லிக் கேட்டதும் ஏறக்குறைய நிறைவேறிவிட்டது.

இதெல்லாம் அறிவியல்படி எந்த அளவுக்கு உறுதி என்று கேட்பீர்கள். நேர்மையாகச் சொன்னால், ஹிப்னாசிஸுக்கு வலுவான ஆதாரம் இருப்பது வேறு இடங்களில்: வலி, எரிச்சல் குடல் நோய் மாதிரி. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2008இல், மருந்துக்கு ஒரு வருஷமாகக் கேட்காத எரிச்சல் குடல் நோய்க்கு ஹிப்னோதெரபியையும் யோசிக்கலாம் என்று வழிகாட்டியில் சேர்த்தது. தாம்பத்தியப் பிரச்சினைகளுக்கு ஹிப்னாசிஸ் மட்டும் போதும் என்று சொல்லும் அளவுக்கு ஆய்வு குவியவில்லை. இது துணைக்கு வரும் ஆள். முன்னே நிற்கவேண்டியது தம்பதியாகப் பேசுவது, தொடுதல் பயிற்சி, எண்ணங்களைச் சரிசெய்யும் உளவியல் சிகிச்சை, வஜைனிஸ்மஸுக்கு இடுப்புத் தசைப் பயிற்சியும் படிப்படியாகப் பழக்குவதும். 'மூன்றே அமர்வில் நிரந்தரத் தீர்வு' என்று எவராவது சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

யாரிடமும் போகுமுன் உடம்பைச் சோதித்துவிட வேண்டும், இதை அழுத்திச் சொல்கிறேன். சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு. ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக் குழாய்கள் இதயத்துக்குப் போவதைவிட மெல்லியவை, அதனால் அடைப்பு வர ஆரம்பித்தால் முதல் சேதி அங்கிருந்துதான் வரும். நாற்பது வயதுக்காரனுக்கு விறைப்புக் கோளாறு என்பது சில சமயம் இதயம் அனுப்பும் தந்தி. மன அழுத்தத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் சாப்பிடும் சில மாத்திரைகளும் காரணமாகலாம், தானாக நிறுத்தாமல் எழுதிக்கொடுத்த டாக்டரிடமே கேளுங்கள். பெண்ணுக்கு உறவின்போது வலி என்றால் முதலில் மகப்பேறு மருத்துவர் பார்க்கட்டும். வலியை ஹிப்னாசிஸால் மறைத்துவைப்பது நோயை மறைத்துவைப்பதுதான். மனச்சிதைவு போன்ற பிரச்சினை உள்ளவர்களும் வலிப்பு உள்ளவர்களும் மனநல மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம். சின்ன வயதில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் வீட்டு ஒலிப்பதிவோடு தனியாகப் போராடக் கூடாது, பயிற்சி பெற்றவர் அருகில் இருக்க வேண்டும். 'ஹிப்னாசிஸில் பழைய ஞாபகத்தைத் தோண்டி எடுக்கிறேன்' என்பவரிடம் போகவே போகாதீர்கள், அந்த நிலையில் நடக்காததும் நடந்ததுபோல் மனதில் பதிந்துவிடும்.

போகிற இடத்தில் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா, மனநல மருத்துவரா என்று கேளுங்கள், கேட்டால் கோபப்படுகிறவர் வேண்டாம். துணை கூட இருக்கலாமா என்று கேளுங்கள். சிகிச்சை தருகிறவர் உங்களை எங்கேயும் தொடவேண்டிய அவசியம் இதில் இல்லை, தொட்டால் எழுந்து வந்துவிடுங்கள், ஹிப்னாசிஸில் இருந்தாலும் உங்களால் எழ முடியும். செலவு கவலையென்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் ஓபி சீட்டுப் போட்டுப் போகலாம். எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியாவிட்டால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம்.

முதல் வாரம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எண்ணெய் வைத்துப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, அவள் தலை என் முழங்காலில் சாய்ந்து, லேசாகக் குறட்டை. எனக்கு ஏமாற்றம். அடுத்த அமர்வில் புகார் மாதிரியே சொன்னேன். உளவியலாளர் பேனாவை மூடிவைத்துவிட்டு, "உங்க பக்கத்துல அவங்க கடைசியா எப்ப இப்படித் தூங்கினாங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அவள்தான் சொன்னாள், "ரெண்டு வருஷம் இருக்கும் மேடம்."

மூன்றாவது வாரத்துக்குள் அம்மா சமையலறையில் எண்ணெய் பாட்டிலைக் காணோம் என்று தேட ஆரம்பித்துவிட்டார்.